ஈரக் கை

சுவிஸின் லுசேர்ண் ஏரியில், கரையில் நின்று ஒற்றைத் தூண்டில் போட மீன்பிடி அட்டை தேவையில்லை. படகில் போனால் வேண்டும். அது எனக்குத் தெரியாது. அகதி வழக்கு முடியாத காலம். இரவல் படகில் மீன் இழுக்கும்போது, சீருடை போட்ட நரைமீசைக்காரர் ஒருவர் தன் படகை என் படகோடு அணைத்து, "அட்டை?" என்றார்.

என்னிடம் இருந்த ஒரே அட்டையான அகதி அட்டையை நீட்டினேன். "திருப்பி அனுப்பிப்போடாதேங்கோ ஐயா" என்று தமிழ்தான் வாயில் வந்தது.

அவர் அதை வாங்கவில்லை. முதலில் ஏரியில் கையை நனைத்து, என் மீனைத் தூண்டிலில் இருந்து கழற்றித் தண்ணீரில் விட்டார். காய்ந்த கை பட்டால் மீனுக்குக் காயமாம். பிறகு கையைக் காற்சட்டையில் துடைத்தார், ஈரம் போனதா என்று பார்த்துத் திரும்பவும் துடைத்தார். அதன் பிறகுதான் அட்டையைத் தொட்டார்.

"இது மீனுக்கில்லை," என்றார் ஜெர்மனில், திருப்பித் தந்தபடி. "படகுக்கு வேறு அட்டை எடுங்கள். இன்றைக்குக் கரையில் நின்று பிடியுங்கள்."

எத்தனையோ கந்தோர்களில் அதிகாரிகளிடம் அந்த அட்டையை நீட்டியிருக்கிறேன். அதைத் தொட முன் கை துடைத்தவர் அவர் ஒருவர்தான்.