பாபிலோன் எந்தப் பக்கம்?

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆடி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பந்தலூர் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் தகரக் கூரை போட்ட சிறிய சர்ச் ஒன்று இருக்கிறது. வழியில் மண் சரிந்து சாலை அடைத்துக்கொண்டதால் அன்று போதகர் வர முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான். அந்தத் தகுதியை வைத்து, "நீயே வாசிச்சு நாலு வார்த்தை பேசு தம்பி" என்று முன்னால் நிறுத்திவிட்டார்கள்.

யூதர்கள் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட பகுதியை எடுத்தேன். அங்கே இருந்தவர்களுக்கு, ஆண்டவர் சொன்னபடி எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பிய கடிதம் அது. எழுபது வருடம் கழித்து உங்களைத் திரும்ப அழைத்து வருவேன் என்ற வாக்கு அதில் இருக்கிறது. எனக்கு அது எங்கள் கதையாகவே பட்டது. எங்கள் சர்ச்சில் பாதிப் பேர் சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், நாங்களும்தான். சர்க்கார் காகிதத்தில் எங்களுக்குப் பெயரே 'தாயகம் திரும்பியோர்'. அதனால் தைரியமாகச் சொன்னேன்: சிலோன்தான் நமது பாபிலோன், கடவுள் இரங்கி நம்மைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்.

கடைசி பெஞ்சில் இருந்த அப்பா எழுந்து மழையில் போய்விட்டார்.

அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் தொழிலாளி. அந்த வருடக் கடைசியில் ஓய்வு. அதற்குள் எஸ்டேட் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். எங்களுக்கென்று ஐந்து சென்ட் இடம் இருந்தது. ஆனால் வீடு கட்டும் பேச்சை எடுத்தாலே அவர் நழுவிவிடுவார். அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோயிருந்தார்.

நான் வீட்டுக்குப் போனபோது அப்பா அடுப்படியில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

"பாபிலோனு எந்தப் பக்கம்டா?"

"சிலோனைத்தான் சொன்னேங்கப்பா."

"நான் பொறந்தது அங்க. எங்கம்மாவப் பொதச்சது அங்க. பன்னெண்டு வயசுல கப்பல்ல ஏத்திவிட்டாங்க. அதுக்கு முன்ன இந்த ஊரக் கண்ணால பாத்ததில்ல. இப்பச் சொல்லு, எது பாபிலோனு?"

அவருக்குப் பாபிலோன் இந்தப் பக்கம்தான். காகிதத்தில் இருந்த பெயரை நம்பி, அந்தக் கடிதத்தையே தலைகீழாகப் பிடித்து வாசித்திருக்கிறேன்.

"அந்தச் சனம் போனது ஆண்டவர் கோவத்துலதானே?" என்றார் அப்பா.

"அப்படித்தாங்கப்பா போட்டிருக்கு."

"கோவமா இருக்கறவர் கடுதாசி போடுவாரா? வேற என்ன எழுதியிருந்துச்சு?"

பைபிளை எடுத்து மறுபடி பார்த்தேன். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு விளைந்ததைச் சாப்பிடுங்கள், அந்த ஊர் நன்றாக இருக்க வேண்டிக்கொள்ளுங்கள் என்று இருந்தது. சர்ச்சில் இதையெல்லாம் வேகமாகத் தாண்டிப் போயிருந்தேன்.

"புடிச்சுட்டுப் போன ஊருக்கா வேண்டிக்கச் சொல்றாரு?"

"ஆமாங்கப்பா."

"எழுபது வருசம்னியே. அப்பப் போன பெரிய ஆளுக எவனும் திரும்பியிருக்க மாட்டான்."

இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததே இல்லை. திரும்பப்போவது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். ஆனால் கடிதம் வந்ததோ, திரும்ப முடியாத இவர்களுக்கும் சேர்த்து.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "வீடு கட்டுன்னு ஆண்டவரே சொல்லியாச்சு. இனி நான் வாயத் தொறக்கலப்பா" என்றார்.

அப்பா சிரிக்கவில்லை. அந்த வரிகளை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். மழை குறைந்ததும் மேஸ்திரியை அவரே கூட்டிவந்து இடத்தைக் காட்டினார். கார்த்திகையில் அஸ்திவாரம் போட்டோம்.

இது தன் ஊர் என்று அப்பா இன்றுவரை சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பகுதியை எப்போது வாசித்தாலும், திரும்பி வராமல் அங்கேயே வீடு கட்டி வாழ்ந்து முடித்தவர்களைத்தான் என் கண் தேடுகிறது; கடவுள் அவர்களையும் கைவிடவில்லை என்பதே எனக்கு இன்னும் பெரிய நம்பிக்கையாக இருக்கிறது.