அப்பா நம்பிய பள்ளிக்கூடப் படம்

1974ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்: “சுங்குவார்சத்திரம் டென்ட் கொட்டகையில் படம். அப்பாவுக்குக் கோபம்.”

படத்தில் பள்ளி மாணவி ஒருத்தி, ஒற்றைப் புத்தகத்தோடு ஊட்டியில் காதலனுடன் பாடித் திரிந்தாள்.

“பள்ளிக்கூடத்துல இதான் நடக்குதா? நாளையிலருந்து நீ போவாத” என்றார் அப்பா, கொட்டகை வாசலிலேயே. நான் அழுதேன்.

பெண்கள் பக்கம் டிக்கெட் கிழிக்கும் அம்மாள் அதைக் கேட்டுவிட்டார். கழுத்தில் கயிறு கட்டி டார்ச் லைட்டைத் தொங்கவிட்டிருப்பார். ஒவ்வொரு படத்தையும் திட்டிக்கொண்டேதான் டிக்கெட் கிழிப்பார்.

“இன்னாண்ணே, அவளப் போயி பள்ளிக்கூடப் பொண்ணுன்னு நம்பிட்டியா? அவளுக்கே உம்பொண்ணு வயசுல பொண்ணு கீது. பாடிக்கினே கீறாளே, ஒரு பரீச்ச எழுதினாளா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டார். மறுநாள் பள்ளிக்குப் போனேன்.

பெயர் தெரியாத அந்த அம்மாளுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். அந்த நடிகைக்கு அப்போது என் வயதில் மகள் இருந்ததற்கு மட்டும் இதுவரை எனக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.