கொளஞ்சிக்கு வந்த தலையில்லாக் கெளுத்தி

ரெட்டியார்பாளையத்தில் கொளஞ்சி விற்ற நாட்டுக் கெளுத்திக்குத் தலை கிடையாது. ஊசுட்டேரிக் கரையிலேயே தலையை நறுக்கி, தோலுரித்து, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவித்தான் கூடைக்கு வரும். எல்லாம் தம்பி பக்கிரியின் வேலை.

ஆறு வருடத்துக்கு முன்புவரை அவளேதான் நறுக்கினாள். ஒருநாள் கெளுத்தி முள் கட்டைவிரலில் ஏறி, கை தோள்வரை வீங்கிவிட்டது. மூன்று நாள் துடித்தாள். "இனிமே நீ முள்ளுல கை வெக்காதக்கா, நானே நறுக்கி எடுத்தாரேன்" என்றான் பக்கிரி. தாயில்லாமல் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். இந்தக் கதையைச் சொல்லாமல் அவள் யாருக்கும் மீன் நிறுத்துக் கொடுத்ததில்லை.

2009-இல் வம்பு கிளம்பியது. ஊசுட்டேரி மீன் என்று சொல்லி, குட்டையில் கோழிக்கழிவு போட்டு வளர்க்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை விற்கிறார்களாம். அது வளர்க்கக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்ட மீன். வாடிக்கையாக வாங்கும் இராமதாஸ் வாத்தியார்கூட கூடையை எட்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார். கொளஞ்சிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கிரி வீராம்பட்டினத்து அம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான். அவளுக்கு அது போதும். சந்தைக்குப் போதவில்லை.

அந்த நேரத்தில்தான் கெளுத்தி இனங்களை ஆராயும் ஹேமலதா வந்தாள். "தலை இருந்தா மண்டை ஓட்டைப் பாத்தே சொல்லிடலாம்மா. இல்லாததால சதையில டி.என்.ஏ. எடுத்துதான் பாக்கணும்" என்றாள். கடைச் சாமான் அட்டையில் கோடு கோடாக இருக்குமே, அதுபோல ஒவ்வொரு இனத்துக்கும் உடம்புக்குள் ஓர் அடையாளம் உண்டாம். அண்ணன் தம்பி மாதிரி இருக்கிற மீன்களையும் அது பிரித்துக் காட்டிவிடுமாம்.

"எடுத்துக்கினு போ கண்ணு. என் தம்பி யாருன்னு இவுங்களுக்குத் தெரியட்டும்!" எட்டு நாள், நாளுக்கு ஒரு துண்டாக அவளே எடுத்துக் கொடுத்தாள்.

ஒரு மாதம் கழித்து ஹேமலதா தாளோடு வந்தாள். "தனியா பேசலாமாம்மா?"

"எதுக்கு? எல்லார் காதுலயும் உழட்டும், படி."

எட்டுத் துண்டும் ஆப்பிரிக்கக் கெளுத்தி. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். கொளஞ்சி கூடையை அப்படியே சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

பக்கிரி வாசலிலேயே நின்றான். "ஏரியில எங்கக்கா கெடைக்குது நாட்டுக் கெளுத்தி? குட்டையில நாட்டு மீன் அளவுக்குச் சின்னதா பாத்துதான் எடுத்தாந்தேன்."

"எப்பருந்துடா?"

"நீ முள்ளு குத்திப் படுத்திருந்தியே, அப்பருந்து."

ஊரை ஏமாற்றத் தலையை நறுக்க வேண்டியதே இல்லை. வாங்குகிறவர்களுக்கு மண்டையைப் பார்த்து இனம் சொல்லத் தெரியாது. அந்தச் சந்தையில் அது தெரிந்தவள் கொளஞ்சி ஒருத்திதான்.