துண்டு போட்டு வைத்த இடம்

ஏழு வருடங்களுக்கு முன்னால், யாங்கோனில் மழை நன்றாகப் பிடித்துக்கொண்ட ஜூன் மாதத்தில் நடந்தது இது. வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசையாக வந்து இறங்கிய சமயம். அவர்கள் பின்னாலேயே பெரிய பெரிய சட்ட நிறுவனங்களும் வந்து, கியாக்டடாவில் கண்ணாடிக் கட்டடங்களில் மாடி மாடியாக வாடகைக்கு எடுத்துக்கொண்டன. பர்மியச் சட்டமும் ஆங்கிலமும் சேர்ந்து தெரிந்த ஆள் கிடைத்தால் விடமாட்டார்கள். எங்கள் குடும்பத்தில் தாத்தா காலத்திலிருந்தே எல்லோரும் குமாஸ்தாக்கள். சோற்றோடு ஆங்கிலத்தையும் ஊட்டித்தான் என்னை வளர்த்தார்கள்.

அப்போது நான் பான்சோடான் தெருவில் ஒரு மூத்த வக்கீலிடம் ஜூனியராக இருந்தேன். அதே அறையில் இன்னொரு ஜூனியர், என்னைவிட இரண்டு வயது சின்னவள். த்வாண்டே பக்கத்துத் தமிழ்ப் பெண். வீட்டில் நெல் விவசாயம். தினமும் விடியற்காலையில் கிளம்பி, படகில் ஆற்றைத் தாண்டி, எனக்கு முன்னால் வந்து அறையைத் திறந்து வைத்திருப்பாள். போட்டாதாங்கில், நடந்து வரும் தூரத்தில் வீடு இருந்த நான்தான் தாமதமாக வருவேன். கோயில் வகுப்பில் தமிழ் படித்தவள் என்பதால் என் அரைகுறைத் தமிழைத் திருத்துவதும் அவள்தான். இன்று நான் இவ்வளவு எழுதுகிறேன் என்றால் அதில் பாதி அவள் போட்ட பிச்சை.

நாங்கள் இரண்டு பேரும் பெரிய நிறுவனங்களுக்கு மனுப் போட்டோம். ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு இடத்திலிருந்து வேலைக் கடிதம் வந்துவிட்டது. ஒன்று, ஊர் உலகமெல்லாம் கிளை உள்ள நிறுவனம். அதன் பெயரே அரை வரி நீளம். இன்னொன்றும் பெரியதுதான், ஆனால் யாங்கோன் அலுவலகத்தை ஒரு பர்மிய அம்மாள் நடத்தினார். எல்லோரும் அவரைச் சயாமா என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். நேர்காணலுக்கு நான் மழையில் தொப்பலாக நனைந்து போய் நின்றேன். அவர் தன் அலமாரியிலிருந்து, பர்மியப் பெண்கள் லுங்கி போல இடுப்பில் சுற்றிக் கட்டும் தமெய்ன் ஒன்றை எடுத்துக் கொடுத்து, கட்டிக்கொண்டு வா, பிறகு பேசலாம் என்றார். பச்சைக் கரை போட்ட பட்டுத் தமெய்ன். அதைக் கட்டிக்கொண்டுதான் அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன்.

கடிதங்கள் கைக்கு வந்த மூன்றாம் நாளே அரை வரிப் பெயர் நிறுவனத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதில் எனக்குப் பெரிய குழப்பம் ஒன்றும் இருக்கவில்லை. மிச்சம் இருந்தது ஒரே வேலை. சயாமாவுக்கு, மன்னிக்கவும், வர இயலவில்லை என்று இரண்டு வரி எழுத வேண்டும். ஒப்பந்தத்தில் ஓட்டை கண்டுபிடிக்கிற வக்கீலுக்கு அந்த இரண்டு வரி வரவில்லை.

பர்மாவில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆனாதே என்று இங்கே ஒரு சொல் உண்டு. அடுத்தவர் மனம் நோகுமே, அவருக்குச் சங்கடமாகுமே என்று கேட்க வேண்டியதைக் கேட்காமலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலும் விழுங்கிக்கொள்வது. எங்களுக்கு அது நல்ல குணம். துவைத்து மடித்த தமெய்ன் என் அலமாரியில் இருந்தது. அவருடைய உடையைக் கட்டிக்கொண்டு வேலை கேட்டுவிட்டு, உங்கள் வேலை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். பதில் போடாவிட்டால் அவரே புரிந்துகொள்வார் என்றும் நினைத்தேன்.

அவர் புரிந்துகொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து அவரே தொலைபேசியில் கூப்பிட்டு, இன்னும் அவகாசம் வேண்டுமா என்று அன்பாகக் கேட்டார். ஆமாம் சயாமா, கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் என்று நான் சொன்னேன். வேறு இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்ட நான்! ஆனாதே மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பெரிய நிறுவனங்கள் என் பதிலுக்காகக் காத்திருக்கின்றன என்று அப்பா சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அது எனக்கும் இனித்தது.

இதற்கிடையில் அந்த த்வாண்டே பெண் என்னிடம் இரண்டு தடவை கேட்டாள். முதல் தடவை அலுவலகப் படிக்கட்டில் குடையை மடக்கிக்கொண்டே, "அக்கா, எந்த ஆபீஸுக்குப் போறதுன்னு முடிவு பண்ணிட்டியா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். அவளுக்கு ஒரு இடமும் கிடைக்காத நேரத்தில் எனக்கு நல்ல இடம் உறுதியாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது? அதுவும் ஆனாதேதான்.

இரண்டாவது தடவை டீக்கடையில். அவளுடைய அண்ணன் பினாங்கில் ஒரு தமிழர் துணிக்கடையில் அவளுக்கு வேலை பார்த்து வைத்திருந்தார். மாதக் கடைசிக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள். சட்டம் படித்துவிட்டுத் துணி மடிக்கவா போவாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவள் கண்ணாடி டம்ளரைச் சுற்றிச் சுற்றி நகர்த்திக்கொண்டு, நீ இன்னும் யோசிக்கிறாயா என்று மறுபடி கேட்டாள். ஆமாம் என்றேன். சரி அக்கா என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். ஜூலை முதல் வாரத்தில் விமானம் ஏறிவிட்டாள்.

அவள் போன பிறகுதான், ஒரு திங்கட்கிழமை, சயாமாவுக்குப் பதில் எழுதினேன். தமெய்னைக்கூட நேரில் கொண்டுபோய்க் கொடுக்கத் தைரியம் இல்லாமல் ஆள் மூலம் அனுப்பி வைத்தேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு நிலக் குத்தகை ஒப்பந்தத்தில் எங்கள் நிறுவனம் ஒரு பக்கம், சயாமாவின் நிறுவனம் எதிர்ப்பக்கம். நடுவில் டீ குடிக்க எழுந்தபோது அவரே என்னிடம் வந்தார். கோபமே இல்லை. அந்த த்வாண்டே பெண் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். பிறகு பேச்சோடு பேச்சாக அவர் சொன்னது இதுதான். அந்த வருடம் அவர்களிடம் இருந்தது ஒரே இடம். எனக்கு அடுத்து அவள் பெயர். முதல் ஆள் வரவில்லை என்றால் இடம் உனக்குத்தான், கொஞ்சம் பொறு என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். என் பதில் கிடைத்த அன்றே அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் பினாங்கிலிருந்து, நன்றி சயாமா, இங்கே வேலையில் சேர்ந்துவிட்டேன் என்றாளாம்.

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு வேறு பஸ்ஸில் ஏறிப் போனவள் நான். அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே நின்று வந்தவள் அவள். டீயைக் குடிக்க முடியாமல் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அன்று பிற்பகல் முழுவதும் எந்தப் பக்கத்தைப் படித்தேன் என்று எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டேன். கடையில் கூட்டம் போலிருக்கிறது, பின்னால் ஒரே சத்தம். அந்த முதல் ஆள் நான்தான் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். தெரிந்துமா வாயைத் திறக்கவில்லை என்று எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது.

"நீ யோசிச்சிக்கிட்டு இருந்தியே அக்கா. நான் கேட்டா, எனக்காக நீ விட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும். உன் வேலைய எப்படி நான் கேக்கிறது? ஆனாதேயா இருந்துச்சு."

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என்னிடம் விட்டுக் கொடுக்க ஒன்றுமே இருக்கவில்லை, அதை நான் முதல் வாரமே கைவிட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

நான் ஆசைப்பட்டுப் போன நிறுவனம் சில வருடங்களில் யாங்கோனை விட்டே போய்விட்டது. இப்போது வீட்டிலிருந்தபடி ஒப்பந்தங்களை மொழிபெயர்க்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவளும் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள். அவளுடைய வக்கீல் சான்றிதழ் மட்டும் த்வாண்டேயில் அவள் அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. நான் அந்த ஜூன் மாதத்தில் உண்மையாகவே இரண்டு மனதாகத் தவித்தேன் என்றுதான் இன்றுவரை அவள் நம்புகிறாள்.

கடைக்குத் தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாம் வருகின்றன, ஒன்று விடாமல் படிக்கிறேன் என்று போன மாதம் சொன்னாள். அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன். மூன்றாம் நாளே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், தங்கச்சி. நீ கேட்டிருந்தால் எனக்கு ஒன்றும் போயிருக்காது. நான் சொல்லியிருந்தால் உனக்கு எல்லாம் கிடைத்திருக்கும்.

இப்போதெல்லாம் யாருக்காவது வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். ஆனால் சொல்லும் ஒவ்வொரு தடவையும், இவ்வளவு சுலபமான ஒரு வார்த்தைக்காகவா அவளை அந்தப் படிக்கட்டில் காத்து நிற்க வைத்தேன் என்றுதான் மனது கேட்கிறது.