மண் ஏன் அமுங்கியது

எம்.டெக் சீட் கிடைத்த அதே வாரத்தில்தான் செம்பூரில் எங்கள் சைட்டுக்குப் பக்கத்துக் காம்பவுண்டுச் சுவர் ஒரு பக்கம் இறங்கி விரிசல் விட்டது. அப்போது நான் காட்கோபரில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் இன்ஜினியர். தாராவியில் எங்கள் சந்திலிருந்து ஏசி அறைக்கு வேலைக்குப் போகும் பெண் என்று அம்மாவுக்கு ஏகப் பெருமை. அதனால் சீட் கிடைத்ததை வீட்டில் சொல்லவே இல்லை. வேண்டாம் என்று எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அஸ்திவாரக் குழியில் ஊறிய தண்ணீரை பம்ப் வைத்து இறைத்துக்கொண்டிருந்தோம். சுவரை யாரும் தொடவில்லை. பிறகு அது ஏன் இறங்கியது? மேனேஜரிடம் கேட்டேன்.

"இத்னா மத் சோச்சோ," இவ்வளவு யோசிக்காதே என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். சுவரைப் பூசிக் கொடுத்துவிடலாம், நீ டிராயிங்கை முடி என்றார்.

என்னால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை. எனக்கு சீட் கிடைத்த அதே மாட்டுங்கா காலேஜில், அதே மண் பொறியியல் பிரிவில் எம்.டெக் படித்துக்கொண்டிருந்த பழைய காலேஜ் தோழிக்கு போன் செய்தேன். "லேபுக்கு வாடி, காட்டறேன்," என்றாள்.

அங்கே ஒரு உலோக வளையத்துக்குள் ஈரக் களிமண்ணை வில்லையாக வைத்து, மேலே எடை ஏற்றினாள். பக்கத்து டயலில் முள் மெல்ல நகர ஆரம்பித்தது.

"தண்ணி வெளில போறது, மண் அமுங்கறது. உங்க சைட்லயும் இதான் நடந்திருக்கும். தண்ணியை இறைச்சுட்டேள்னா அது தாங்கிண்டிருந்த பாரமெல்லாம் மண்ணு மேலயே இறங்கிடும்."

"எவ்வளவு அமுங்கும்?"

"கணக்கு போடலாம். ஆனா இந்தக் கரையோரக் களிமண்ல சில இடத்துல கணக்கு ஒத்துவரலை. ஏன்னு எங்களுக்கும் தெரியலைடி."

தெரியலை என்று அவள் சொன்னதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. நான் அதுவரை படித்ததில் எல்லாக் கேள்விக்கும் புத்தகத்தின் கடைசியில் விடை இருந்தது. அவள் சாப்பிடக் கூப்பிட்டபோதுகூட நான் முள்ளை விட்டு நகரவில்லை.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன். லெதர் பைக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தவள் மிஷினை நிறுத்தினாள்.

"ஏளா, கெடச்ச வேலைய விட்டுட்டு மறுபடியும் என்னத்தப் படிக்கப் போற?"

"மண்ணைப் பத்திம்மா."

"மண்ணா? அதுல என்ன இருக்கு படிக்க?"

சுவர், வளையம், தண்ணீர், நம் வீட்டுக்கு அடியில் இருக்கும் சதுப்பு என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலைக்குப் போயிட்டு வந்து ஒரு நாளாவது இப்படிப் பேசிருக்கியா நீ?" என்றாள். பிறகு சிரித்துவிட்டாள். "சரி, போ. ஊர்ல கேட்டா, எம் மவ மண்ணு படிக்கான்னு சொல்லுதேன்."

மறுநாள் ஆபீஸில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டேன்.

இப்போது முதல் செமஸ்டர். கூடப் படிப்பவர்கள் என்னைவிட வேகம். கணிதம் என்னைப் படுத்தி எடுக்கிறது. ஆனாலும் காலையில் தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்தே போகிறேன். சில நாள் ஓடுகிறேன்.