தலை மட்டும் நனைந்தவன்

நான் நனையவே இல்லை. தலையை மட்டும் நனைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் நனைந்தவனைப் போல் நடித்தேன். அதை நம்பி என் நண்பன் லூர்து செத்துப்போனான்.

விஷயம் இவ்வளவுதான். இதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை என்று நீங்கள் எழுந்து போனாலும் எனக்கு வருத்தமில்லை... இல்லை, இதுவும் பொய். போகாதீர்கள். இதை முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன். மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தின்போது சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. அங்கே முழங்காலிட்டு, கோபம், பொறாமை, கெட்ட நினைவு என்று சில்லறைப் பாவங்களை ஒப்பித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. புதுச்சேரியில் அந்தக் காகிதம் உள்ள ஏழை வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தால், அவன் சொல்தா ஆவான் என்று தொட்டிலிலேயே முடிவாகிவிடும். பிரெஞ்சு இராணுவச் சிப்பாயை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். லூர்துவின் அப்பா மில்தொழிலாளி; நெஞ்சுவலியில் போய்விட்டார். அம்மா தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறைக்கு அட்டைப்பெட்டி ஒட்டப் போய்க்கொண்டிருந்தார். வீட்டில் தங்கைகள். அவன் பிரான்சுக்குப் போனால்தான் அந்த வீடு நிமிரும். இதை எல்லோரையும்விட நன்றாக அறிந்தவன் நான்.

எனக்கு அப்படிப்பட்ட நெருக்கடி எதுவுமில்லை. எனக்கு இருந்ததெல்லாம் பயம்.

என் தாய்மாமன் ஓய்வு பெற்ற சொல்தா. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர், காலணியைக் கழற்றி எங்கள் இருவருக்கும் தம் காலைக் காட்டினார். இரண்டு விரல்களைக் காணோம். குளிர் தின்றுவிட்டதாம். "நம்ம பசங்க ஓட்டத்துல தோக்கமாட்டானுங்க. குளுருல தோத்துடுவானுங்க" என்றார். பனியில் நெடுந்தூரம் ஓடவிடுவார்கள், விழுந்தவனை ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றும் சொன்னார். அவர் எதையும் பெரிதுபடுத்திச் சொல்பவர். அன்று கொஞ்சம் குடித்தும் இருந்தார். இருந்தாலும் அந்தக் கால் பொய்யில்லையே!

அன்று முதல் எனக்குத் தூக்கம் போயிற்று. போர்வைக்குள் கையை விட்டு என் கால்விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். எல்லாம் இருக்கின்றனவா...? இருக்கும். திரும்பப் படுப்பேன். மறுபடியும் தொடுவேன்.

நனைந்துகொண்டு ஓடிப் பழகலாம் என்ற யோசனை யாருடையது என்று நினைக்கிறீர்கள்? என்னுடையது! பயந்தவனுக்குத்தான் வாய் நீளம். குளிரை இங்கேயே தோற்கடித்துவிட்டுப் போவோம் என்று லூர்துவிடம் மார்தட்டினேன். அவன் யோசிக்கவேயில்லை, சரி என்றான். நான் சொன்ன எதற்கும் அவன் சரி என்பான்.

மார்கழி பிறந்ததும் ஆரம்பித்தோம். விடிவதற்கு வெகுமுன்பே, வைத்திக்குப்பத்தை ஒட்டிய எங்கள் தெருவிலிருந்து கிளம்பி, கடற்கரைச் சாலை வழியாகத் தெற்கே ஊரைத் தாண்டி நோணாங்குப்பம் வரை ஓடுவோம். அங்கே பாலத்தருகே ஆற்றில் கழுத்தளவு இறங்கி எழுவோம். பிறகு ஈரப் பனியனோடு வந்த வழியே திரும்பி ஓடிவருவோம். ஐரோப்பியக் குளிர்காலத்துக்கு நோணாங்குப்பத்து ஆற்றில் ஒத்திகை! சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். நாங்களும் சிரித்தோம்.

உங்களுக்கு ஒன்று தெரியுமா? மார்கழி விடியலில் ஆற்றுத் தண்ணீர் குளிராது. வெதுவெதுப்பாகவே இருக்கும். எழுந்து கரையேறிய பிறகுதான்... காற்று பிடித்துக்கொள்ளும். முதல் நாள் நான் உண்மையாகவே முங்கினேன். கரையேறியதும் நெஞ்சு பூட்டிக்கொண்டது. மூச்சு உள்ளே போக மறுத்தது. பற்கள் அடித்துக்கொள்ளும் ஓசை என் காதிலேயே கேட்டது. செத்துப்போவேன் என்று நினைத்தேன். மிகையாகச் சொல்லவில்லை, அந்த இருட்டில், அந்தப் பனிமூட்டத்தில், இதோ செத்துப்போகிறேன் என்றே நினைத்தேன். லூர்துவும் நடுங்கினான். ஆனால் நடுங்கிக்கொண்டே ஓட ஆரம்பித்துவிட்டான்.

மறுநாளே என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது. அதைச் சொல்லியிருக்கலாம். "வேணாம்டா, எனக்குப் பயமாருக்கு" என்று சொல்லியிருந்தால் அவன் கேலி செய்திருப்பானா? மாட்டான். தோளில் ஒரு தட்டு தட்டியிருப்பான். அதோடு இருவருமே விட்டிருப்போம். இவ்வளவு எளிதாக இருந்தது அது... நான் சொல்லவில்லை.

அதற்குப் பதில் என்ன செய்தேன் தெரியுமா? அவன் எப்போதும் எனக்கு முன்னால் ஆற்றில் இறங்கிவிடுவான். நான் சற்றுத் தள்ளி, முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொள்வேன். முங்குவதைப் போலக் கைகளால் தண்ணீரை ஓங்கி அடிப்பேன். "ஹா" என்று மூச்சு விடுவேன். குனிந்து தலையை மட்டும் நனைத்துக்கொள்வேன். பனியனில் முன்பக்கமாக ஒரு கை தண்ணீர் தெளித்துக்கொள்வேன், சாமியார் தீர்த்தம் தெளிப்பதைப் போல! இருட்டில் அவனுக்கு என் தலை மட்டும்தான் தெரியும். தலை சொட்டிக்கொண்டிருக்கும். அது போதும் அவனுக்கு.

திரும்பும்போது என்னை முன்னால் ஓடச்சொல்லி அவன் பின்னால் வருவான். ஈரத் துணி அவன் தொடையில் ஒட்டிப் பிரியும் சத்தம் சளக் சளக்கென்று கேட்டுக்கொண்டே வரும். அந்தச் சத்தத்தை மறந்துவிடாதீர்கள். என்னால் மறக்க முடியவில்லை.

ஒருநாள் பிடிபட்டிருப்பேன். ஊருக்குள் நுழையும்போது எப்போதும் கொஞ்சம் வெளுத்துவிடும். வைத்திக்குப்பத்தில் படகோரம் மீன் பிரித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா எங்களை நிறுத்தினார். ஆற்றில் விழுந்துவிட்டீர்களா என்று கேலியாகக் கேட்டவர், என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாடா இது, ஒருத்தன் சொட்டச் சொட்ட வரான், ஒருத்தன் காஞ்சி வரான்?"

நான் பனியனின் முன்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

பதில் சொன்னவன் லூர்து. "அவன் ஒடம்பு சூட்டு ஒடம்புக்கா. ஓட ஓட அதுவே காயவெச்சிடும்" என்றான். என்னைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பில் பெருமை இருந்தது. கொஞ்சம் வெட்கமும் இருந்தது. என் உடம்பு காய்ந்துவிடுகிறது, அவன் உடம்பு காயவில்லை என்ற வெட்கம்! மறுநாளிலிருந்து அவன் தண்ணீரில் இன்னும் கூடுதலான நேரம் இருந்தான்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லாததற்குக் காரணம் கேட்காதீர்கள். பயம்தான் காரணம். முதலில் குளிருக்குப் பயந்தேன். பிறகு அவன் முகம் மாறிவிடுமோ என்று பயந்தேன். இரண்டாவது பயம் முதலாவதைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் கழிந்த பிறகு அவனுக்கு இருமல் வந்தது. பூசையில் பாட்டுக்கு நடுவே கர்சீப்பை வாயில் அடைத்துக்கொள்வான். பிறகொரு விடியலில் என் வீட்டு வாசலில் வந்து நின்றவனின் கையைத் தொட்டேன். அடுப்புக்கல்லாய்க் கொதித்தது. இன்றைக்கு வேண்டாம், போய்ப் படு என்றேன். ஆமாம், அவ்வளவு சொன்னேன். அதைச் சொன்னதை வைத்துக்கொண்டே எத்தனையோ இரவுகள் எனக்கு நானே வக்கீலாக இருந்து பார்த்திருக்கிறேன்.

அவன் கேட்கவில்லை. "நீ தாங்குற. நான் தாங்கலன்னா அங்க போயி இன்னா பண்ணப்போறேன்?" என்றான்.

என் நாக்கு நுனியில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். நான் நனையறதில்லடா... அவ்வளவுதான். அதைச் சொல்லியிருந்தால் அவன் வீட்டுக்குப் போயிருப்பான். நான் குனிந்து என் காலணிக் கயிற்றைக் கட்டினேன். ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன்.

அன்றும் அவன் ஆற்றில் இறங்கினான். அன்றும் நான் தண்ணீரைக் கையால் அடித்தேன்!

திரும்பும் வழியில் பின்னால் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. நான் உடனே திரும்பிப் பார்க்கவில்லை. பயம்... பார்த்தால் என்ன தெரியுமோ என்ற பயம். கொஞ்ச தூரம் போன பிறகுதான் நின்றேன். அவன் சாலையோரம் உட்கார்ந்திருந்தான். மூச்சு விசில் அடித்தது. பால் ஊற்றப் போன ஒருவர் கேன்களை இறக்கி வைத்துவிட்டு, சைக்கிளில் அவனை உட்காரவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் பின்னாலிருந்து அவன் முதுகைத் தாங்கிக்கொண்டு நடந்தேன். அவன் பனியனின் ஈரம் என் நெஞ்சில் பட்டது. அந்த மார்கழியில் என் பனியன் நன்றாக நனைந்தது முதல் நாளும் அன்றும்தான்.

நிமோனியா என்றார்கள். நெஞ்சில் கிருமி முன்பே இருந்திருக்கலாம், குளிர்தான் காரணம் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த வார்த்தைகளை நான் எப்படிப் பிடித்துக்கொண்டேன் தெரியுமா! இன்றும் விடவில்லை. ஆனால் காய்ச்சலோடு அவனை ஆற்றில் இறக்கியது எந்தக் கிருமி?

கடைசியாக அவனைப் பார்த்தபோது அவன் அம்மா தண்ணீர் பிடிக்க வெளியே போயிருந்தார். பேசக்கூடாது என்று சொல்லியிருந்தும் அவன் பேசினான். கண்ணைத் திறந்து என்னையே பார்த்தான்.

"ஒனக்கு மட்டும் எப்படிடா குளுரல?"

எனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு அது.

"பழகிப்போச்சுடா" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். ஒப்புக்கொண்டான். அந்தத் தலையாட்டலோடுதான் போனான்... பொங்கலுக்கு முன்பே போய்விட்டான்.

கல்லறையில் மண் போட்டபோது அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயுந்தானப்பா அவங்கூட நனைஞ்ச. உன்னையாவது மாதா உட்டுவெச்சாளே" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அழுதேன். துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்தார்கள். அந்த நிமிடத்தில் எனக்கு இருந்தது துக்கமில்லை. கூட்டத்தில் அந்த மீன்கார அக்கா நிற்கிறாரா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

மறு ஆண்டு நான் பிரான்சுக்குப் போனேன். கனத்த கோட்டு கொடுத்தார்கள். கையுறை, கம்பளிக் காலுறை, காதை மூடும் தொப்பி... எல்லாம் கொடுத்தார்கள். முதல் குளிர்காலத்தில் எங்கள் சார்ஜென்ட் கத்திச் சொன்ன முதல் பாடம் என்ன தெரியுமா? வியர்வையில் உள்பனியன் நனைந்தால்கூட உடனே மாற்றிவிட வேண்டும், ஈரத்தோடு நிற்பவன் முட்டாள் என்பது. எனக்குப் பிரெஞ்சு தெரியாமலே இருந்திருக்கக் கூடாதா!

பனியில் ஓடவிட்டார்கள். மாமா சொன்னது அந்த மட்டில் உண்மை. நான் நன்றாக ஓடினேன். குளிரைத் தாங்குகிறான் இந்தப் புதுச்சேரிக்காரன் என்று பாராட்டினார்கள். நான் ஓடியது வேறொன்றுக்காக. வெள்ளை வெளேரென்ற அந்தச் சாலையில், எல்லோரும் பின்தங்கிய பிறகும், முதுகுக்குப் பின்னால் ஈரத் துணி ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டது. இன்றும் விடியலில் தனியாக நடந்தால் கேட்கிறது. திரும்பிப் பார்ப்பதில்லை.

சென்ற கார்த்திகையில் விடுப்பில் ஊருக்கு வந்தேன். ஒவ்வொரு முறையும் லூர்துவின் வீட்டுக்குப் போவேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று ஆள் அனுப்புவார் அவன் அம்மா. அன்று நல்ல மழை. இராணுவ மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். காற்றில் அதனோடு தைத்திருந்த தொப்பி பின்னால் சரிந்துவிட்டது. வாசலில் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உள்ளே நுழைந்தேன்.

அவர் துண்டை எடுத்து வந்தார். என்னை முக்காலியில் உட்காரவைத்து, சின்னப் பிள்ளைக்குச் செய்வதைப் போல அழுத்தித் துவட்டினார். சுவரில் மாலைக்குள் லூர்து. துவட்டிக்கொண்டே என் தோளைத் தொட்டார், முதுகைத் தடவிப் பார்த்தார்.

"பனியன் காஞ்சிதான் இருக்கு. தல மட்டுந்தான் நனைஞ்சிருக்கு" என்றார்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. தெரிந்து சொல்கிறாரா... சும்மா சொல்கிறாரா...? தலையை நிமிர்த்தத் தைரியமில்லை. அவர் மறுபடியும் துவட்ட ஆரம்பித்தார். முடி காய்ந்து வெகுநேரம் ஆன பிறகும் நான் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தேன்.