பகவதி கோயில் வளைவு

சிவராமகிருஷ்ணனுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. கொச்சி மட்டாஞ்சேரியில் அவருடைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகிறவர்கள் அவரைக் கடைக்குள் பார்ப்பதைவிட வாசலில் பார்ப்பதுதான் அதிகம். வாங்கிய சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எங்கேயோ போவார். திரும்பி வந்து, ஆறிப்போனதற்குச் சாயாக்கடைக்காரரைத் திட்டுவார். வயது எழுபதைத் தாண்டியும் மனுஷனுக்கு இந்த நிலைகொள்ளாமை. எல்லாம் ஒரு பந்தயத்தால் வந்த வினை.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால், பள்ளுருத்தி வரை போய்த் திரும்பும் பொதுச் சாலையிலேயே மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்தினார்கள். பஸ்ஸை நிறுத்தி, மீன் கூடைகளை ஓரம் தள்ளி, வளைவுகளில் சுக்கு மண்டிச் சாக்குகளில் வைக்கோல் திணித்து அடுக்கினார்கள். பாதுகாப்பு அவ்வளவுதான். குறுக்கே மாடு வந்தால் அது மாட்டின் உரிமை. மறு வருஷம் அனுமதி கிடைக்கவில்லை. அதனால் அன்று தோற்றவர் தோற்றவராகவே நின்றுவிட்டார்.

தோற்றவர் நம்முடைய சிவராமகிருஷ்ணன். கடைசிச் சுற்றிலும் அவருடைய ஜாவா வண்டிதான் முன்னால். பகவதி கோயில் வளைவு வந்ததும் அவருடைய வலது கை ஆக்சிலேட்டரை விட்டு நெஞ்சுக்குப் போயிற்று. கோயிலைக் கும்பிடாமல் கடந்து அந்தக் கைக்குப் பழக்கமில்லை. வண்டி தளர்ந்தது. பின்னால் வந்த சிநேகிதன் வெங்கிடராமன் விர்ரென்று தாண்டிப் போய்க் கோப்பையை வாங்கிக்கொண்டான். அந்த மாதமே பம்பாயில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

கும்பிட்டவனைக் கைவிட்டுக் கும்பிடாதவனை ஜெயிக்க வைத்தாளே என்று பகவதிமேல் அவருக்கு அடங்காத கோபம். அன்றிலிருந்து கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மனைவி திரிபுரசுந்தரியை வளைவில் இறக்கிவிட்டு, எஞ்சினைக்கூட அணைக்காமல் உறுமவிட்டுக் கொண்டிருப்பார்.

இந்த வருஷம் சில இளைஞர்கள் பழைய பந்தயப் பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் ஊர்வலம் ஏற்பாடு செய்தார்கள். பம்பாயிலிருந்து வெங்கிடராமனும் வருவதாகத் தெரிந்ததும் சிவராமகிருஷ்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. கும்பிடவில்லை என்று அவன் வாயாலேயே கேட்டுவிட வேண்டும். அப்போதுதான் தன் வழக்கு நியாயமாகும்.

அந்த வளைவில் வண்டிகள் ஓய்வுக்கு நின்றன. திரிபுரசுந்தரி எல்லோருக்கும் இஞ்சி தட்டிப் போட்ட மோர்ச் சம்பாரம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கையில் வாங்கக்கூடப் பொறுமையில்லாமல் சிவராமகிருஷ்ணன் வெங்கிடராமனிடம் போய்க் கேட்டார்.

"ஏண்டா வெங்கிட்டா, அன்னிக்கு நீ அம்மையைத் தொழாமத்தானே போனாய்?"

"சே, அதெப்படிடா? தொழுதேனே."

"பொய் சொல்லாதே. ஆக்சிலேட்டரை விட்டாக்க உன் வண்டி எப்படிடா என்னைத் தாண்டும்?"

"வலது கையை எதுக்கு விடணும்? இடது கையால தொழுதேன்."

"இடது கையாலயா?"

"ஆமாண்டா. பந்தயத்துல பின்னே என்ன பண்றது? அம்மைக்குத் தெரியாதோ?"

சிவராமகிருஷ்ணனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷக் கோபமும் அந்த ஒரே பதிலில் ஆட்டம் கண்டுவிட்டது. இடது கையால் கும்பிடுவது மரியாதையில்லை என்பது சின்ன வயதிலேயே மனதில் ஊறியது. அப்படியும் ஒரு வழி உண்டென்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

விறுவிறுவென்று கோயிலுக்குள் நடந்தார். திரிபுரசுந்தரி பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுப் பின்னால் ஓடினாள். அவர் சன்னதி நடைக்கு முன்னால் நின்று, கைகூப்பக்கூட மறந்து, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கக் கேட்டார்:

"இடது கையே மதி, அதுவே போதும்னு அன்னிக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ அம்மே?"